தழும்பு இல்லாத சூடு

சாமை அறுவடை முடிந்த வாரமே சூட்டுக்காரன் சின்னக்குழந்தை வந்து செல்லியின் வாசலில் நின்றான். கையில் அரிவாள் இல்லை. பார்க்கத்தான் வந்திருந்தான்.

"இன்னா செல்லி, இடுப்பு எப்டி கீது?"

"கீது," என்றாள் செல்லி.

புளி மூட்டையோடு பாறையில் சறுக்கி விழுந்த நாளிலிருந்து அவளுக்கு இடுப்பு வலி. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது. சின்னக்குழந்தை அந்த மலையில் வலிக்குச் சூடு வைப்பவன். அரிவாள் மூக்கை நெருப்பில் பழுக்கவைத்து வலிக்கிற இடத்தில் இழுப்பான். அதற்கு இரண்டு சட்டங்கள். சூடு விழும்போது வாய் திறக்கக் கூடாது. கத்தினால் வலி உள்ளேயே தங்கிவிடும். ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவே ஒரு சாமை அறுவடை போக வேண்டும். இரண்டையும் யாரும் மீறியதில்லை, அவன் உட்பட.

போன வருஷம் அவன் வைத்த சூடு சீழ் பிடித்து, செல்லி ஜன்னி கண்டு கிடந்தாள். அவளுக்குக் குழி வெட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். இன்னொரு சூடு வைத்தால் பிழைக்க மாட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் வீரனுக்கும் தெரியும். ஆனால் வலி போக வேறு வழி அவனுக்குத் தெரியாது.

"நான் கொஞ்ச நாளா ஆஸ்பத்திரி வெளக்குக்குப் போறேன்," என்றாள்.

சின்னக்குழந்தை சிரித்தான். "எங்க, முதுகக் காட்டு. புதுசா ஒரு தழும்பு கீதா? சூடுன்னா தோல்ல தெரியணும். குளிருக்கு அடுப்பாண்ட குந்திக்கினாகூட சொகமாத்தான் இருக்கும். அதுக்குப் பேரு வைத்தியமா?"

வீரனும் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு செல்லியின் முதுகைப் பார்த்தான்.

"வெள்ளிக்கெழம அரிவாளோட வர்றேன்," என்று சொல்லிவிட்டுச் சின்னக்குழந்தை போனான்.

அது எண்பத்துமூன்றாம் வருஷம். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு தொண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓட்டுக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். அங்கே இரும்புக் காலில் நிற்கும் சிவப்பு விளக்கு இருந்தது. கத்தி இல்லை, ஊசி இல்லை. குப்புறப் படுத்தால் முழ உயரத்துக்கும் மேலிருந்து வெளிச்சம் இடுப்பில் விழும். பிறகு முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி. இதையெல்லாம் செய்பவள் ரஞ்சிதம். மலையடிவாரத்துச் சந்தவாசல்காரி, கீழே டவுனில் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

விளக்கால் குணம் தெரிந்தது. செல்லியால் மறுபடி குனிந்து வாசல் பெருக்க முடிந்தது. இன்னும் கொஞ்ச காலம் கிடைத்தால் சுமைகூடத் தூக்கலாம் என்று அவளுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

விளக்கைப் போடும்போதெல்லாம் ரஞ்சிதம் ஒன்றைத் தவறாமல் சொல்வாள். "சூடு சாஸ்தியானா ஒடனே சொல்லணும்க்கா."

செல்லி தலையாட்டுவாள். சின்னக்குழந்தையும் அரிவாளை எடுக்குமுன் இப்படித்தான் கேட்பான்: தாங்கலன்னா இப்பவே சொல்லிடு. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னால் தோற்றதாக அர்த்தம். ரஞ்சிதம் கேட்பதும் அதே கேள்வி என்று செல்லி எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வீரனும் கூட வந்தான். செல்லி குப்புறப் படுத்தாள். ரஞ்சிதம் விளக்கைப் போட்டாள். அன்றைக்குக் கரண்ட் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இருமத் தொடங்கியது. விளக்கு மங்கியது.

"தொடாதீங்க, வந்துட்றேன்," என்று ரஞ்சிதம் பின்பக்கம் ஓடினாள்.

வீரன் விளக்கைப் பார்த்தான். அணையப்போகிற கொள்ளி மாதிரி இருந்தது. கையை நீட்டிப் பார்த்தான். சூடே இல்லை. நாளைக்கு வெள்ளி.

"இதுலயா வலி போவும்?" என்றான். விளக்கின் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவளுடைய இடுப்புக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

பின்னால் ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொண்டது. விளக்கு முழுசாக எரிந்தது.

முதலில் இதமாக இருந்தது. பிறகு இதம் போய்விட்டது. செல்லி பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கால் விரல்கள் மடங்கின. வெளியே ரஞ்சிதம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும், ஓடி வந்துவிடுவாள். செல்லி உதட்டைக் கடித்தாள். இத்தனை தூரம் வந்தாயிற்று. கத்தினால் நாளைக்கு அரிவாள். கத்தாவிட்டால் வலி போகும், அரிவாளுக்கு வேலையில்லை.

"தாங்கு செல்லி," என்று வீரன் காதருகே சொன்னான். போன வருஷமும் இதையேதான் சொன்னான். "தாங்கிக்கோ. அவ்ளோதான். அவ்ளோதான்."

அவனுக்கும் வியர்த்தது. அவள் இடுப்பில் தோல் சிவந்து, பளபளத்து, மெல்ல மேலே எழும்புவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். விளக்கு வேலை செய்கிறது என்று நினைத்தான்.

ரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். பார்த்ததும் விளக்கை எட்டித் தள்ளினாள். குடத்துத் தண்ணீரை அப்படியே செல்லியின் இடுப்பில் கவிழ்த்தாள்.

"யோவ், அறிவு கீதா ஒனக்கு? ஏன்க்கா, ஒரு வார்த்த சொல்லக் கூடாது? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

வீரன்தான் சொன்னான். "சூட்டுக்கு வாய் தொறந்தா வலி உள்ளயே தங்கிடும், நர்ஸம்மா."

ரஞ்சிதம் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். அவள் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு அந்த விளக்கின் கீழே வாய் திறக்காமல் படுத்த ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தாள்.

உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "இது ஆறுற வரைக்கும் வெளக்கு கெடையாது," என்றாள். அன்றிரவு செல்லியைக் கொட்டகையிலேயே படுக்கவைத்தாள்.

மறுநாள் காலை ரஞ்சிதம் புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தபோது சின்னக்குழந்தை வந்தான். அக்குளில் கோணியில் சுற்றிய அரிவாள். வீரன் அவனுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

சின்னக்குழந்தை புண்ணருகே குந்தினான். சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பதுபோல் அப்படி இப்படித் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"கத்துனாளா?"

"இல்லண்ணே," என்றான் வீரன்.

"அந்த வெளக்கு வெச்சதா இது?" இப்போது ரஞ்சிதத்தைக் கேட்டான். "நீ வெச்ச சூடா, இல்ல கை தவறிப் பட்டுதா? தவறிப் பட்டா அது கணக்குல சேராது. நான் வெக்கணும்."

இது வைத்தியம் இல்லை, விபத்து, உன் சட்டத்தால் வந்த புண் என்று சொல்ல ரஞ்சிதம் வாயெடுத்தாள். செல்லியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் இறங்கியது.

விபத்து என்றால் இந்தப் புண்ணுக்குப் பக்கத்திலேயே இன்றைக்கு அரிவாள் விழும். வைத்தியம் என்றால் நாளை முதல் இந்த மலையில் பாதிப் பேர் எனக்கும் கொப்புளம் போடு என்று வந்து நிற்பார்கள். வெளியே வாசலில் முழங்கால் வலிக்காரி முத்தம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

சின்னக்குழந்தை கோணியின் முடிச்சில் கை வைத்தான்.

"நான் வெச்சதுதான்," என்றாள் ரஞ்சிதம்.

அவன் அவிழ்க்காமல் முடிச்சை இறுக்கினான். பிறகு எழுந்தான்.

"அப்போ அடுத்த அறுவடைக்குத்தான் பாக்கணும்," என்றான். வாசல்வரை போய்த் திரும்பினான். "சூடு நல்லாத்தான் வுழுந்துகீது. ஆனா கோணல். நேரா இழுக்கக் கத்துக்கோம்மா."

அவன் சரிவில் இறங்கிப் போனான். வீரன் வழியனுப்பப் போனான்.

"போய்ட்டானா?" என்று பாயில் முகத்தை வைத்தபடியே செல்லி கேட்டாள்.

ரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள். "பாறையத் தாண்டிட்டாரு."

செல்லி கத்தினாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த மொத்தத்தையும் கத்தினாள். வீரன் பாதி வழியிலிருந்து ஓடி வந்தான்.

"இன்னாடி பண்ற, வலி தங்கிடும்டீ!"

"தங்கட்டும்! வா மாமா, நீ வந்து படு. ஒரு சாண் ஒசரத்துல வெக்கறேன். நீ தாங்கு. அவ்ளோதான், அவ்ளோதான்னு நான் சொல்றேன்."

வீரன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

ரஞ்சிதம் கட்டுப் போட்டு முடித்தாள். புண் ஆறும்வரை செய்ய வேண்டிய பயிற்சியைச் சொன்னாள். பிறகு விளக்கை அடுத்த பாய்க்கு இழுத்துக்கொண்டு போய், அதன் கழுத்தை உயரத்தில் வைத்துத் திருகாணியை முறுக்கினாள். முத்தம்மா உள்ளே வந்து முழங்காலை நீட்டிப் படுத்தாள். அவளுடைய கண் செல்லியின் கட்டின் மேலேயே இருந்தது.

"எனக்கும் அதே மாரி வெப்பியா?"

"மொதல்ல கத்து," என்றாள் ரஞ்சிதம்.

"இன்னாது?"

"கத்திக் காட்டு. வாய் தொறக்காதவங்களுக்கு இங்க வெளக்கு கெடையாது."

முத்தம்மா வீரனைப் பார்த்தாள், செல்லியைப் பார்த்தாள். பிறகு கூச்சத்தோடு, "ஆ," என்றாள்.

"பின்னாடி ஜெனரேட்டராண்ட இருந்தா எனக்குக் கேக்காது," என்றாள் ரஞ்சிதம். "இன்னும் சத்தமா."