வெறும் வயிற்றில் வந்த வலிப்பு

1
இது புகார்க் கடிதமாகத் தொடங்கியது. கோபம் அதிகமாகிக் கதையாகிவிட்டது.

என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்காகக் கிளினிக்குக்குப் போனாள். டோக்கனோடு மூன்று மணி நேரம் நின்றாள், விழுந்தாள். விழுந்தபோது கை வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ‘வலிப்பு நோய்’ என்று எழுதிவிட்டார். அன்றோடு ஸ்டியரிங் போயிற்று.

பெரிய மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு, பசி மயக்கம் என்றார்கள். பள்ளிக்கூடம் ஒப்பவில்லை. முதலில் எழுதிய கிளினிக்கே தவறு என்று எழுதித் தர வேண்டுமாம்.

2
கைவிட்ட தொடக்கங்கள்:

‘வானம் இருண்டிருந்த அந்தக் காலை’ (நல்ல வெயில்.)

‘வெள்ளைக்கோட்டு போட்ட அரக்கி ஒருத்தி’

இதைப் படித்துக் காட்டியதும் அக்கா முறைத்தாள்.

“அரக்கியா? என் மக வயசுடா அதுக்கு. என்னைத் தூக்கி உட்கார வச்சதே அந்த டாக்டர் பொண்ணுதான்.”

என் வில்லி போனாள். கதை உப்பில்லாப் பண்டமாயிற்று.

3
இன்று காலை இருவரும் கிளினிக் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தோம்.

“மேடம், ஃபுல் பாடி செக்கப் இலவசமா பண்ணித் தர்றோம்.”

“மறுபடியும் வெறும் வயித்துலயா?”

அவர் சிரிக்கவில்லை. “தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்.”

“நிக்க வைக்காதீங்க, நாற்காலி போடுங்க.”

கடைசியில் ஒரு வரி தட்டச்சு செய்து நீட்டினார்: ‘வலிப்பு இல்லாமலிருக்கவும் வாய்ப்புண்டு.’

“இதைக் காட்டினா, வேலை இல்லாமலிருக்கவும் வாய்ப்புண்டும்பாங்க. அந்த டாக்டரக் கூப்பிடுங்க.”

டாக்டர் வந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“சாப்பிட்டீங்களான்னு அன்னிக்கு என்னைக் கேட்டீங்களாம்மா?” என்றாள் அக்கா.

“டாக்டர், நீங்க பேசாதீங்க” என்றார் மேனேஜர்.

“கேக்கல” என்றார் டாக்டர். “கேட்டிருக்கணும்.”*

மேனேஜரின் மேசையிலிருந்து கிளினிக் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை டாக்டரே உருவினார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

*இங்கே டாக்டரை அழ வைத்திருந்தேன். அவர் அழவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

4
முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன்.

அ) அக்கா பேருந்தைக் கிளப்புகிறாள், பிள்ளைகள் கத்துகிறார்கள், (கொஞ்சம் அதிகம்.)

ஆ) மேனேஜர் தாளைப் பிடுங்கி

“என்னடா கிறுக்கற?” அக்கா எட்டிப் பார்த்தாள்.

“முடிவு.”

“அவங்களே இன்னும் எழுதி முடிக்கல. நீ என்னத்த முடிக்கப் போற?”

நியாயம்தான். பேனாவை மூடுகிறேன். இந்த பெஞ்சிலிருந்து தெரிவதை மட்டும் சொல்கிறேன், மிச்சம் உங்கள் பாடு. கதவு பாதி திறந்திருக்கிறது. மேனேஜர் நின்றுகொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார். டாக்டர் நிமிரவில்லை. ஒரு பக்கம் முடிந்து, தாளைத் திருப்புகிறார்.