இறங்கும் பெட்டிகள்

கேபிள் காரின் கதவு தானாக மூடிக்கொண்டது. அன்ரனெற்றுக்கு எதிரே மகன் அபிஷனும் மருமகள் நிரூபாவும் இருந்தார்கள். அவர்களுடைய பனிச்சறுக்குப் பலகைகள் வெளியே சட்டத்தில் செருகியிருந்தன. கால்களில் பாறாங்கல் மாதிரிச் சப்பாத்துகள். அன்ரனெற் போட்டிருந்தது ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து. பெட்டி ஒருமுறை குலுங்கி நிலத்தை விட்டது. பைன் மரங்களின் நுனிகள் காலுக்குக் கீழே போயின.

இந்த மலையில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. வீடிருக்கும் ஸ்காபரோவில், பனி உருக உப்புத் தூவிய நடைபாதையில்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள். ஆனால் "பான்ஃப் மலைக்குப் போறம், நீங்களும் வாங்கோ அம்மா" என்று அபிஷன் கேட்டபோது அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அன்று பின்னேரமே வேரோனிக்காவுக்கு ஃபோன் எடுத்தாள்.

வேரோனிக்கா கோயிலில் அவளோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து பூசை பார்த்தவள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"என்னை நயாகரா காட்டிப்போட்டுத்தான் இஞ்ச கொண்டுவந்து விட்டவங்கள். பக்கத்து றூம் மனுசிக்கும் நயாகராதான். உன்னை மலைக்கோ? நீ பெரிய இடமடி!"

தன் பகிடிக்குத் தானே சிரித்து இருமினாள்.

அது பகிடி மட்டுமல்ல என்பது அன்ரனெற்றுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த வீடுகளில் அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. பிள்ளைகள் முதலில் எங்காவது கூட்டிப்போவார்கள். நிறையப் படம் எடுப்பார்கள். திரும்பி வந்த கிழமை அலுமாரியைத் திறந்து உடுப்பு அடுக்கத் தொடங்குவார்கள். "என்ர பிள்ளை அப்பிடியில்லை" என்று சொல்லி ஃபோனை வைத்தவள், வந்து இறங்கியதிலிருந்து அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். விமான நிலையத்தில் படம், ஏரிக்கரையில் படம். மீன் பொரித்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பும் நிரூபா, இன்று காலையில் தன் கையால் அவளுக்குக் கழுத்துத்துணி சுற்றிவிட்டாள். அந்தக் கனிவுதான் அவளைப் பயப்படுத்தியது.

பாதி வழியில் பெட்டி நின்றது. காற்றாக இருக்கும் என்றாள் நிரூபா. கயிறு எங்கோ முனகியது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை. அபிஷன் கையுறையைக் கழற்றினான், திரும்பவும் போட்டான்.

"அம்மா, ஒரு விஷயம் கதைக்கோணும்."

அவன் ஏன் இந்த இடத்தைப் பார்த்து எடுத்தான் என்று அவளுக்கு விளங்கியது. வீட்டில் என்றால் அவள் எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள். இங்கே எங்கே எழும்புவது?

"எந்த இடம்?" என்றாள்.

"என்ன?"

"என்னை விடப்போற இடம்."

நிரூபா குனிந்து சப்பாத்துக் கொளுக்கியைத் தொட்டாள். "மாமி, அண்டைக்கு அடுப்பை நிப்பாட்டாமல் படுத்திட்டீங்கள். நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனா நெஞ்சு பதறுது."

அடுப்பு உண்மைதான். ஒரே ஒரு நாள். அன்ரனெற் மறுத்துச் சொல்லவில்லை. ஊர் உலகத்தில் நடக்கிறதுதான். மகன் தன்னிடம் கேட்பான், அழுவான், தானும் கொஞ்சம் அழுதுவிட்டு ஓம் என்று சம்மதித்துவிடலாம் என்று, பயத்துக்கு நடுவே, இரவு முழுக்க ஒத்திகை பார்த்திருந்தாள். அந்த 'ஓம்' மட்டும் தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"வேரோனிக்கா இருக்கிற இடமோ?"

"இல்லையம்மா. மிசிசாகா. என்ர ஒஃபிசுக்குக் கிட்ட. நல்ல இடம்."

மிசிசாகாவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

"நான் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்லட்டே?"

அபிஷன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "றூம் எடுத்தாச்சம்மா. மாசம் பிறக்கப் போகலாம்."

பெட்டி திரும்பவும் நகர்ந்தது. 

மேலே உணவகத்தில் அவளை ஒரு கதிரையில் இருத்தி, ஹொட் சொக்லேட் வாங்கி முன்னால் வைத்தான். "ஒரு ரவுண்ட்தானம்மா. இருப்பீங்கள்தானே?" அவள் தலையாட்டினாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பலகைகளை மாட்டி ஒவ்வொருவராய்ச் சரிவில் மறைந்தார்கள். அவள் கோப்பையைத் தொடவில்லை. எழும்பி, கேபிள் கார் வந்து திரும்பும் இடத்துக்கு நடந்தாள்.

அங்கே நின்ற பெண் ஆங்கிலத்தில், தனியாகவா என்று கேட்டாள்.

"ஓம்" என்றாள் அன்ரனெற். அது அந்தப் பெண்ணுக்கும் விளங்கியது.

ஏறி வரும் பெட்டிகளில் எல்லாம் நெருக்கமாய்ச் சனம். இறங்கும் பெட்டிகளில் ஒருவரும் இல்லை. சறுக்கத் தெரிந்தவர்களுக்கு அவை தேவையில்லை. முன்னாலும் பின்னாலும் வெறும் பெட்டிகள் ஆட, நடுவில் அவள் போனாள். சரிவில் நிரூபாவின் செம்மஞ்சள் ஜாக்கெட் தெரிந்தது. விழுந்திருந்தாள். அபிஷன் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக அவளைத் தூக்கி நிறுத்தினான். முதுகில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டான். பிறகு நிமிர்ந்து, உச்சியில் மின்னிய உணவகக் கண்ணாடியைப் பார்த்துக் கையை உயர்த்தி, பெரிதாக ஆட்டினான். ஆட்டிக்கொண்டே நின்றான். அவன் தலைக்கு மேலாக அவளுடைய பெட்டி கடந்து போனது.