தையல் மிஷினுக்குக் குத்திய முத்திரை

வாக்கு எண்ணிக்கை நடந்த சிதம்பரம் பள்ளிக்கூட வாசலில் புதுத் துண்டோடு குப்பத்துச் சௌந்தரம் வந்து நின்றாள். பொன்னுரங்கத்துக்கு ஓடி ஒளிய இடமில்லை.

"மாமா, நம்ம மிஷின் ஜெயிச்சிடுச்சாமே! குப்பமே அதுலதான் குத்துனோம். தலைவருக்குப் போடத் துண்டு கொண்டாந்திருக்கேன்."



பிச்சாவரம் பக்கம் இறால் பண்ணைகள் வந்து, குப்பத்துக் கிணறெல்லாம் உப்பாகிப்போன கோபத்தில் பிறந்த கட்சி அது. இரண்டாயிரத்து நாலில் ஒரு மாடி அறை, ஒரு மைக் செட், வாய் ஓயாத ஒரு தலைவர். அந்தக் குப்பத்துக்காரரான பொன்னுரங்கம் ஒன்றியச் செயலாளர். இரண்டாயிரத்து ஆறு சட்டசபைத் தேர்தலில் சின்னம் தையல் மிஷின். எழுத்து தெரியாத பெண்களுக்கு அவர்தான் வீடு வீடாகப் போய்ப் பாடம் நடத்தினார்: "பேரப் பாக்காதீங்க, மிஷின மட்டும் பாருங்க."

தோற்றாலும் பதினோராயிரம் ஓட்டு. கடலூர் வரைக்கும் அதே பேச்சு. அதைக் காட்டியே தலைவர் பெரிய கட்சிகளோடு பேரம் பேசினார். பேரம் படியப் படியக் கட்சி தேய்ந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றில் கட்சியைக் கலைத்துவிட்டு அவரும் அந்தப் பெரிய கட்சிகளில் ஒன்றில் சேர்ந்துவிட்டார்.

அந்த வருஷ உள்ளாட்சித் தேர்தலில் இறால் பண்ணை முதலாளியே ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றான்; குப்பத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டுப் போகவேயில்லை. அவனுக்கு ஒதுக்கிய சின்னம், கட்சி கலைந்ததால் பொதுவாகிவிட்ட தையல் மிஷின். பட்டியலைப் பார்த்த அன்றே பொன்னுரங்கத்துக்குப் புரிந்துவிட்டது, குப்பம் பழைய பழக்கத்தில் மிஷினிலேயே குத்திவிடும் என்று. கட்சி வேலைக்காக அவர் குடிவந்திருந்த சிதம்பரத்திலிருந்து குப்பத்துக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். போனால் தலைவர் எங்கே என்பார்கள். கட்சியே இல்லையென்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்றே பத்து நாளை ஓட்டினார். அவன் முப்பத்திரண்டு ஓட்டில் ஜெயித்துவிட்டான்.

வாசலில் வெடி வெடித்தது. தையல் மிஷின் படத்தைத் தூக்கிப் பிடித்த கூட்டத்துக்கு நடுவே மாலையும் கழுத்துமாக முதலாளி வந்தான். சௌந்தரம் படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இவனுக்கா குத்துனோம்? ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். தலை தானாக ஆமென்று ஆடிவிட்டது.

"ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கலாமே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூனிக் குறுகி நின்றார்.

அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். உள்ளேயிருந்த இரண்டு காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடக் குழாயில் நல்ல தண்ணீர் பிடிக்கப் போனாள்.