ஏழெட்டுப் பேருக்கான வண்டி

அதிகாரம் உயரத்தில் குடியிருக்கிறது. கோபுரமானாலும் யானையானாலும் மேடையானாலும், அண்ணாந்து பார்க்க வைப்பது எதுவோ அதுவே ஆளும். இந்த உண்மையை உணர்ந்த நல்லகாமன், ஒன்றியக் கவுன்சிலரான வருடமே ஊரில் யாரிடமும் இல்லாத உயரத்தில் ஒரு வெள்ளை வண்டி வாங்கினார். பதினான்கு வருடம் ஓடிய அந்த வண்டியில் இப்போது அறுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். எழுபதில் நல்லகாமனின் கன்னச்சதையும் சேர்ந்து நடுங்கும். எண்பதைத் தொட்டு வெகுகாலமாகிறது. பதவி போய் ஒன்பது வருடம்.

மூன்றரை மாதத்துக்கு முன் அவர் மனைவி ஒச்சாயிக்கு மதுரையில் முதுகுத்தண்டு ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: குலுங்கக் கூடாது. வாடகைக் கார் பிடிக்கலாம் என்று ஒச்சாயியின் தங்கை மீனா சொன்னதை நல்லகாமன் காதில் வாங்கவில்லை. கவுன்சிலர் பெண்டாட்டி வாடகைக் காரில் வந்து இறங்கினால் ஊர் என்ன நினைக்கும்? ஊர் எதுவும் நினைப்பதை நிறுத்தியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. பசுமலை வரைக்கும் ஒச்சாயி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு வந்தாள். மீனாவின் வீட்டுத் தெரு வந்ததும், "இங்கனயே இறக்கி விட்ருங்க. இந்த வண்டி சரியாகட்டும், வாரேன்" என்றாள்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரில் அவர் தனியாகச் சோறு வடித்தார், ஒருநாள் குழைய, ஒருநாள் விறைக்க. தினமும் சாயங்காலம் போன் போட்டு, வண்டி எப்படி இருக்கிறதென்று அவளிடம் சொல்வார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரும். அதற்குள் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். போன வாரம் பேச்சோடு பேச்சாக, மீனா அக்காவுக்கென்றே ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னாள். தேக்குக் கட்டிலாம். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு திருமங்கலம் பைபாஸில் காசிமாயனின் பட்டறைக்குப் போனார்.

காசிமாயன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினான். டக் டக்கென்று சத்தம் வந்தது. சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் பந்து தேய்ந்துபோயிருந்தது. சக்கரத்தின் உள்வளையத்தில் ஒரு பக்கமாகக் களிமண் அப்பிக் கல்லாகியிருந்தது. கண்திருஷ்டி என்று நல்லகாமன் மூன்று அமாவாசைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிய நடுக்கம், பாதி அந்த மண்ணில் இருந்தது. பிறகு காசிமாயன் வண்டியின் மூலையை அழுத்திக் கையை எடுத்தான். ஒரு ஆட்டம் ஆடி நிற்க வேண்டிய வண்டி, பிள்ளை தூங்கிய பிறகும் ஆடும் தொட்டில்போல ஆடிக்கொண்டே இருந்தது. குலுக்கலைத் தாங்க வேண்டிய நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்திருந்தது.

"ரெண்டு தினுசு இருக்குண்ணே" என்றான். ஒன்று மெத்தென்று போகும், ஒன்றிரண்டு பேருக்கு. இன்னொன்று விறைப்பானது, கூடவே கனத்த ஸ்பிரிங், வண்டி ரெண்டு அங்குலம் தூக்கி நிற்கும், ஆள் பாரம் ஏறினால்தான் அமரும். "வண்டியில எத்தன பேருண்ணே போவீக? அத வச்சுத்தான் மாட்டணும்."

எளிய கேள்வி. ஆனால் ஆயில் மாற்ற வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் அழகுபாண்டி. தேர்தலில் நல்லகாமனைத் தோற்கடித்தவன். பேப்பர் படிப்பதுபோல் இருந்தான். பக்கம் மட்டும் திரும்பவில்லை. ஒருகாலத்தில் அந்த வண்டியில் ஆட்கள் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வருவார்கள். காதுகுத்துக்கும் கருமாதிக்கும் கதவு சாத்த இடமிருக்காது. அவர்களில் மூன்று பேர் இப்போது அழகுபாண்டியின் வண்டியில் வருவதை நல்லகாமன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"எப்பவும் போலத்தான்" என்றார். "ஏழெட்டுப் பேரு."

காசிமாயன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு விறைப்பானதை எடுத்தான்.

மத்தியானம் நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். எழுபது. எண்பது. ஸ்டியரிங் கையில் பூப்போல இருந்தது. சாலை கண்ணாடியாக இருந்ததால் வேறெதுவும் தெரியவில்லை. கப்பலூர் தாண்டும்போது அவருக்குக் கண் கலங்கியது. வேகம்தான் காரணம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பசுமலையில் ஒச்சாயி இடுப்புப் பட்டையோடு, மஞ்சள் பையோடு, வாசலில் தயாராக நின்றாள். அவள் மெலிந்திருந்தாள். வண்டி வளர்ந்திருந்தது. அவள் காலைத் தூக்கினாள், படிக்கு எட்டவில்லை. மறுபடி தூக்கினாள். மீனா உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தாள். அதில் ஏறி, அவர் தோளைப் பிடித்து, ஒருவழியாக உட்கார்ந்தாள். தெருவில் முதல் வேகத்தடை. கட்டையில் கட்டை மோதியது போலிருந்தது. ஒச்சாயி டேஷ்போர்டைப் பிடித்தாள். இரண்டாவதில் கண்ணை மூடினாள். மூன்றாவதற்கு முன்னால், "நிறுத்துங்க" என்றாள், மெதுவாக.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது.

"மெக்கானிக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டான். எத்தன பேரு ஏறுவீகன்னு."

"என்ன சொன்னீக?"

நல்லகாமன் கண்ணாடியில் எதையோ துடைத்தார். ஒச்சாயி கழுத்தைத் திருப்ப முடியாமல், உடம்போடு கொஞ்சம் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். பதவி போன பிறகு மாற்றிய இருக்கைத் துணி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதில் ஒரு தூசி இல்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க ஒத்த ஆளுன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "நான் ஒண்ணு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் இறங்கிப்போய்க் காசிமாயனுக்குப் போன் போட்டார். மாட்டிய சாமானைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். காசிமாயன் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பாரம் ஏத்துங்கண்ணே. ஏழு ஆளு பாரம் இருந்தா அமந்துரும். தூளி மாதிரி போகும்."

எதிரில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனாரிடம் கெஞ்சியதில், இரண்டு ஆட்கள் சிமெண்டுச் சாக்கில் மணலை அள்ளிக்கட்டி ஆறு மூட்டைகளை ஏற்றினார்கள். நடுச்சீட்டில் மூன்று, பின்னால் மூன்று. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் இறங்கியது. இறங்கி நின்றிருந்த ஒச்சாயி ஸ்டூல் இல்லாமலே ஏறினாள்.

காசிமாயன் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. திருநகர் தாண்டும்போது அவள் கை டேஷ்போர்டிலிருந்து மடிக்கு வந்தது. திருமங்கலத்தில் அவள் கண்ணயர்ந்தாள். நல்லகாமன் நாற்பதுக்கு மேல் போகவில்லை. லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கின. முப்பது வருடக் குடும்பத்தில் அவள் பக்கத்தில் தூங்கி அவர் வண்டி ஓட்டியது அதுவே முதல் தடவை. மற்ற நேரங்களில் முன்சீட்டு வேறு யாருக்கோ தேவைப்பட்டது.

ஊர் முக்கு டீக்கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் அமுங்கிய வண்டி. எவரோ ஒருவர் பழைய ஞாபகத்தில் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். நல்லகாமன் கண்ணாடியை இறக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

ஒச்சாயி விழித்திருந்தாள். "நிறுத்தி டீ சொல்லுங்க" என்றாள். "பின்னால இருக்கவுகளுக்கும் சேத்து."

அவர் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளைப் படுக்க வைத்துவிட்டு, வந்து பின்கதவைத் திறந்தார். ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், அசையவில்லை. சாக்கின் ஓட்டை வழியாக மணல் சீட்டில் சன்னமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் திண்ணையில் சாய்ந்துகொண்டு, போனை எடுத்துப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார். முதல் நம்பர் எடுக்கவில்லை. இரண்டாவது ஆள் திருப்பூரில் இருந்தான். மூன்றாவது ஆள், "இந்தா வாரேண்ணே" என்றான்.

ஆறு நாளாகிறது. மூட்டைகள் வண்டியிலேயே இருக்கின்றன. இறக்க ஆள் கிடைக்கவில்லை.