வெள்ளைத் திட்டின் நற்சான்றிதழ்

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற கொட்டாஞ்சேனைச் சூசைதாசனுக்கு அந்தோனியாரை விடப் பேப்பரில்தான் நம்பிக்கை அதிகம். தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கொழும்பில் ஒரு தமிழனுக்கு அது தப்பான பக்தியுமல்ல. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பாதர் தந்த கடிதம் எல்லாம் சேட்டுப் பையில் இல்லாமல் மனுஷன் பாண் வாங்கக்கூடப் படியிறங்கமாட்டார்.

அவருடைய இடது கொடுப்பில், கன்னத்தின் உட்பக்கத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. காலங்காலமாக வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்கி வைத்த இடம். அது புற்றுநோயாக மாறுமா, சும்மா கிடக்குமா என்று அறிய டொக்டர் ஹபீலா அதில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, ஏதோ ஒரு புரதத்தை அளந்து பார்க்க அனுப்பினார். அந்தப் புரதம் கூடியிருந்தால் திட்டு கெட்ட வழிக்குப் போகக்கூடும் என்பது டொக்டர் இங்கிலாந்தில் படித்துவந்த புதுப் படிப்பு. முடிவு வரும்வரை சூசைதாசனுக்குச் சோறு இறங்கவில்லை. சாவுப் பயம், வேறென்ன.

முடிவு வந்தது. புரதம் குறைவு.

"அங்கிள், இது நல்ல அடையாளம்தான்," என்றார் டொக்டர். அதற்குப் பிறகும் கனநேரம் பேசினார். சூசைதாசனின் காது முதல் வசனத்தோடு கடையைச் சாத்திவிட்டது.

அன்றிலிருந்து அவருடைய கால் தரையில் பாவவில்லை. ரிப்போட் பொலிஸ் துண்டுக்குப் பக்கத்தில் குடியேறியது. ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களைக் கோயில் வாசலில் மறித்து வாயைப் பிளந்து காட்டினார்.

"என்ட வாய்க்குக் கிளியரன்ஸ் கிடைச்சிட்டுது!"

சென்றிப் பொயின்றில் நின்ற ஆமிக்காரனிடம் மற்றத் துண்டுகளோடு அதையும் நீட்டினார். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஹரி, யன்ன," என்று போகச் சொன்னான். அரசாங்கமே ஒப்புக்கொண்டாயிற்று, இனியென்ன குறை!

மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் வெற்றிலைத் தட்டைக் கிட்ட இழுத்தார். மனைவி பிறிஜெற் கோப்பையைக் கழுவாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டொக்டர் இதை விடச்சொல்லேல்லையோ?"

"ரிப்போட் கிளியரெண்டாப் பிறகு ஏன் விடோணும்? பேப்பர் சரியா இருந்தா ஒருத்தராலயும் ஒண்டும் செய்யேலாது."

"இதைத்தானே கிளறன்ஸுக்கும் சொன்னனீங்கள்."

கிளறன்ஸ் அவளுடைய தம்பி. வெள்ளவத்தை லொட்ஜில் தங்கி வேலைக்குப் போனவன். அவனுடைய பேப்பர்களை ஒழுங்காக அடுக்கிச் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டவர் சூசைதாசன்தான். ஒரு ஆமிச் சுற்றிவளைப்பில் பேப்பர்களோடு சேர்த்தே அவனைக் கொண்டுபோனார்கள். ஆளும் வரவில்லை, பேப்பரும் வரவில்லை.

"அவன்ட பேப்பரில ஒரு பிழையுமில்லையே, அப்பா," என்றாள் பிறிஜெற்.

சூசைதாசனின் நாக்கு அவரைக் கேளாமலே போய் அந்தத் திட்டைத் தடவிப் பார்த்தது. மடித்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தார்.

"டொக்டர் பிறகும் என்னவோ சொன்னவ. எனக்கு ஒண்டும் நினைவில்லை. நாளைக்கு நீயும் என்னோட வா, பிறிஜெற். நீ கேள்."