மூன்று நாள் நெருப்பு

விடிவதற்கு முன்பே உலை வாய்க்குள் ஆலிவ் சக்கையை வாரி எறிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வாரலுக்கும் புருவ மயிர் பொசுங்கியது. வியர்வை சாம்பலோடு சேர்ந்து கழுத்தில் பசையாக இறுகியது. ஆறு மாதம் குளிர்ந்து கிடந்த பொதுக் குளியல்கூடம் அது. கல்தரை சூடேற மூன்று நாள் விடாத நெருப்பு வேண்டும். இது மூன்றாம் நாள். நோய்க்காகச் சாத்திய கதவை இன்று திறக்கலாம், ஆனால் பாதிப் பேரைத்தான் உள்ளே விடலாம் என்று மராகிஷ் நகரம் முழுக்க உத்தரவு.

கூடம் ஹாஜி தூஹாமிக்குச் சொந்தம். நெருப்புப் போடுகிற எனக்குச் சம்பளம் கிடையாது. உலைச் சாம்பலில் அடுத்தவர்களின் இறைச்சிப் பானைகளைப் புதைத்து வேகவைத்துக் கொடுத்து, அந்தக் காசில் பிழைக்கிறேன். உள்ளே முதுகு தேய்க்கும் மஹ்ஜூபாவுக்கும் ருக்கையாவுக்கும் அதே கதைதான். தினம் ஹாஜிக்கு நாற்பது திர்ஹம் இடக்காசு கட்டியதுபோக மிஞ்சுவதுதான் சோறு. ஊரடங்கில் அரசாங்க உதவி கேட்கப் போனபோது, "உங்க முதலாளி யாரு?" என்றார்கள். "யாருமில்லை, சொந்தத் தொழில்" என்றோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மஹ்ஜூபா மெத்தையைப் பிரித்து, உள்ளே இருந்த கம்பளி ரோமத்தை விற்றுச் சாப்பிட்டாள்.

அவள்தான் இப்போது உலையடிக்கு வந்து கூப்பிட்டாள்.

"அல்லால், வாசல்ல என்னமோ ஒட்டியிருக்கு. நீதானே பள்ளிவாசல் எழுத்து வகுப்புக்குப் போறே, வந்து படி."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். இன்று முதல் இடக்காசு எழுபது. சம்மதமில்லாதவர் காலி செய்யலாம்.

"தப்பாப் படிக்கிறீங்க அண்ணே," என்றாள் ருக்கையா.

"படிச்சது சரிதான் தாயி. எழுதினதுதான் தப்பு."

ஹாஜி வந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"வாற பொம்பளைங்க பாதி. காசு மட்டும் எழுபதா?" என்றாள் மஹ்ஜூபா.

"சக்கை விலை ஏறிப்போச்சு, தண்ணி வரி ஏறிப்போச்சு. நான் எங்கே போவேன்?"

"எல்லாம் ஏறட்டும். அதுக்கு எங்க வயிறுதான் இறங்கணுமா?"

"பிடிக்கலேன்னா போ. இந்த இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்காங்க."

"கூப்பிடுங்க. முதல்ல உங்க முதுகைத் தேய்ச்சுக் காட்டட்டும். ஆறு மாச அழுக்கு, பத்துப் பேரும் வேணும்."

ருக்கையா வாய்விட்டுச் சிரித்தாள். ஹாஜி என் பக்கம் திரும்பினார்.

"நீ போய் நெருப்பைப் பாரு. இது பொம்பளைங்க வழக்கு."

போனேன். நெருப்பைப் பார்த்தேன். சாம்பலுக்குள் ஒன்பது பானைகள் இருந்தன. அவை வெந்துவிடும், சாம்பலின் சூடு போதும். தண்ணீருக்கு அது போதாது. இன்று விட்டால் கல் மறுபடி குளிர்ந்துவிடும். ஹாஜி உலையைப் பிடுங்கிக்கொண்டால் என் வீட்டில் நாலு வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். மண்வாரியைச் சாம்பலில் குத்தி நிறுத்திவிட்டு, சக்கை போடாமலே இரும்புக் கதவைச் சாத்தினேன்.

"நெருப்புப் போடலை ஹாஜி," என்றேன் வாசலுக்கு வந்து. "பழைய காசுன்னு எழுதி ஒட்டுங்க, போடுறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? உலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்!"

"குடுங்க. அவனுக்கும் மூணு நாள் ஆகும்."

அதற்குள் வாளியும் கறுப்புச் சோப்புமாய்ச் சந்து நிறையப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஹாஜி அவர்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"இன்னைக்குச் சுடுதண்ணி கிடையாது. ஏன்னு இந்த மூணு பேரையும் கேளுங்க!"

"சட்டியில காய்ச்சி ஊத்தியே தோல் வெந்துபோச்சு, இன்னைக்குமா?" என்று ஒருத்தி எங்கள்மேல் பாய்ந்தாள். மஹ்ஜூபா சுவரில் ஒட்டியிருந்ததைக் காட்டி, நாற்பது எழுபதானதைச் சொன்னாள்.

சந்து முனையில் ரொட்டி சுட்டு விற்கும் லல்லா ஹினியா முன்னால் வந்தாள்.

"என் அடுப்பு வைக்கிற மூலைக்கும் போன வாரம் இவரு வாடகை ஏத்தினாரு. ஆளில்லாத சந்துல யாருக்கு விப்பேன்னு ஒத்தையா நின்னு அழுதேன்." வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "ஆறு மாசம் சுமந்த அழுக்கு, இன்னும் மூணு நாள் சுமந்தா செத்தா போவோம்? உக்காருங்கடி. ஒரு எட்டுத் தள்ளித் தள்ளி உக்காருங்க, இல்லேன்னா அதுக்கும் குத்தம் சொல்வாரு."

ஒரு வாளி கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. கல்லில் தகரம் மோதும் சத்தம் சந்தின் கடைசி வரை போனது.

ஹாஜி கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். போலீஸாக இருக்கலாம், புது உலைக்காரனாக இருக்கலாம். ருக்கையா தன் வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க அண்ணே. நிக்கிறவங்களைத்தான் லேசாத் தள்ளிவிட முடியும்."

உட்கார்ந்தேன்.