பன்னிரண்டு பெட்டி நாமக்கோழி

"ஊட்டுல நாப்பதாயிரம் கோழி நிக்குது. அது பத்தாதுன்னு ஏரிக்குப் போயி வேற பாக்கோணுமா?"

பாவாயி மூன்று வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் குடும்பம். அவளுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள் கிருத்திகாவுக்கோ பனி விழ ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் கால் வீட்டில் தங்காது. பறவை பார்க்கும் குழுவோடு ஏரி ஏரியாகச் சுற்றுவாள். நடந்த மாதிரியும் ஆச்சு என்று மாமியாரையும் காரில் ஏற்றிவிட்டாள்.

ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கூட்டிப்போகிறவர் தீனதயாளன், சேலத்தில் கல்லூரி ஆசிரியர். பச்சையோ பழுப்போ உடுத்தி வரச் சொல்லியிருந்தார். பாவாயி பழுத்த மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார்.

"மெதுவாப் பேசுங்கம்மா. பறவை கலைஞ்சிரும்" என்று கிசுகிசுத்தார்.

"நீங்க பேசறது பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கலீங்க சார். அதுக்கு எங்கீங்க கேக்கப்போவுது?"

கிருத்திகா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று கணக்கெடுப்பு நாள். ஏரி நடுவில் நாமக்கோழிகள் கருகருவென்று மிதந்தன, நெற்றியில் ஆளுக்கொரு வெள்ளை நாமத்தோடு. ஒன்று முங்கினால் இரண்டு எழுந்தன. தீனதயாளன் எழுநூறு என்றார். கிருத்திகா தொள்ளாயிரம் என்றாள். இன்னொருவர் முதலிலிருந்து எண்ணலாம் என்றார். மூன்றாம் முறையும் பாதியில் கூட்டம் இடம் மாறிவிட்டது.

"பன்னெண்டு பெட்டி" என்றாள் பாவாயி.

"என்னங்கம்மா?"

"பண்ணைக்குக் குஞ்சு பெட்டியிலதானுங்க வரும். பெட்டிக்கு நூறு. கொட்டி உட்டா எத்தன பெட்டின்னு பாத்ததும் தெரிஞ்சுக்கோணும், இல்லீன்னா ஏமாந்து போயிருவோம். இது பன்னெண்டு பெட்டி. ஆயிரத்தி எரநூறு."

தீனதயாளன் மரியாதைக்குச் சிரித்தார். பிறகு கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு தலையாகப் புள்ளி வைத்து எண்ணினார். முக்கால் மணி நேரம் ஆனது.

"ஆயிரத்து நூத்தி எண்பத்தி நாலு" என்றார். இந்த முறை குரல் கிசுகிசுப்பாக இல்லை.

"மிச்சம் கோரைக்குள்ள இருக்குதுங்க" என்றாள் பாவாயி. சொல்லி வாய் மூடவில்லை, கோரைக்குள்ளிருந்து ஒரு வரிசை நீந்தி வெளியே வந்தது. யாரும் எண்ணத் துணியவில்லை. ஆயிரத்து இருநூறு என்றே எழுதிக்கொண்டார்கள்.

வீடு திரும்பியபோது பண்ணை வாசலில் பாவாயியின் கணவர் சின்னண்ணன் மறித்து நின்றார்.

"ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. ஏரிப் பறவைகிட்ட இருந்து நம்ம கோழிக்குக் காய்ச்சல் வந்துதுன்னா என்ன பண்றது? மூணு நாளைக்கு ஷெட்டுப் பக்கம் கால் வைக்கப்படாது!"

முப்பது வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு ஷெட்டுக்குள் நுழைகிறவள் பாவாயி. மனைவி சண்டைக்கு வருவாள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். அவளோ திங்கள், செவ்வாய், புதன் என்று விரல் விட்டு எண்ணினாள்.

"மூணு நாளா? நெசமாலுமுங்களா?" என்றாள். பிறகு மருமகளிடம் குரலைத் தாழ்த்தி, "கண்ணு, பொதன்கெழம போறாப்புல எதாச்சும் ஏரி இருக்குதா?"

"மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரைக்குப் போலாமுங்க அத்தை."

திங்கட்கிழமை ஏழு மணிவரை தூங்கினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். முட்டை பொறுக்குகிறவர்களையும் தீவன வண்டியையும் ஒற்றை ஆளாகச் சமாளித்துக் களைத்த சின்னண்ணன், அன்று சாயந்திரம் சட்டத்தைத் தளர்த்தினார்.

"நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சுட்டா ஷெட்டுக்கு வரலாம்னு கேள்விப்பட்டேன்."

"அதெப்படீங்க!" என்று பாவாயி பதறினாள். "நாப்பதாயிரம் உசுரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க."

புதன்கிழமை விடிந்ததும் மருமகளுக்கு முன்பாகவே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.